வயிற்றுக்குள் விட்டு வைத்தது



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் சுற்றியது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பெரியவர் ஒருவருடைய வயிற்று ஸ்கேன். சில வருஷம் முன்பு இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர். ரிப்போர்ட்டின் நடுவில் ஒரு வரி: சர்ஜிக்கல் கிளிப்புகள் தென்படுகின்றன. அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்குள் "டாக்டர் உள்ளே எதையோ மறந்து வைத்துத் தைத்துவிட்டார்" என்று ஒருவர், "கேஸ் போடலாம், எனக்கு வக்கீல் தெரியும்" என்று இன்னொருவர், "நம் ஊரில் இப்படித்தான்" என்று வளைகுடாவிலிருந்து மூன்றாமவர். பெரியவர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று மதினி சொன்னாள்.

மறந்து வைப்பது வேறு, விட்டு வைப்பது வேறு. பஞ்சையோ கத்தரியையோ மறந்து வைத்தால் அது தவறு. கிளிப் என்பது தெரிந்தே, வேண்டுமென்றே விட்டு வைப்பது. ரத்தக்குழாயை வெட்டினால் அதன் வாயை எதையாவது கொண்டு அடைக்க வேண்டும். அந்த 'எதையாவது' உள்ளேதான் இருக்கும். ஆனால் குழுவில் ஒரு பிள்ளை கேட்டாளே, "அது அங்கேயே சும்மா இருக்குமா டீச்சர்?" என்று, அதுதான் சரியான கேள்வி. பெரும்பாலும் சும்மா இருக்கும். அபூர்வமாக நகரும். நான் டாக்டர் இல்லை, 31 வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவள். எனக்குத் தெரிந்த வழியில், அதாவது வரலாற்றின் வழியில், இதற்குப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வயிற்றுக்குள் ஒரு பொருளை விட்டுவைக்கும் பழக்கம் புதிதில்லை. சுசுருத சம்ஹிதையில் கிழிந்த குடலை மூட ஒரு வழி சொல்லியிருக்கிறது. கிழிந்த இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கருப்பு எறும்புகளைக் கடிக்க விட வேண்டும். கடித்தவுடன் உடலைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். தலை மட்டும் பிடித்த பிடியில் நிற்கும். தலையோடு சேர்த்துக் குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைக்கலாம். அரேபிய ஸ்பெயினில் வாழ்ந்த அல் ஸஹ்ராவியும் எறும்பைப் பற்றிப் பேசுகிறார். கட்டெறும்பு கடித்தவர்களுக்கு அதன் பிடி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் நாம் கவனிக்க வேண்டியது, எறும்புத்தலை நாளடைவில் மக்கிப்போகும் என்பது. காயம் ஆறும்வரை பிடிக்கும், பிறகு இல்லாமல் போகும். அந்த யோசனைக்கு நவீன மருத்துவம் எவ்வளவு சுற்றித் திரும்பி வந்தது என்று கீழே பார்க்கலாம்.

இரைப்பையை வெட்டி எடுத்து மனிதரைப் பிழைக்க வைத்த முதல் நாள் 1881 ஜனவரி 29. ஊர் வியன்னா. மருத்துவர் தியோடர் பில்ரோத். நோயாளி தெரேசா ஹெல்லர் என்ற 43 வயதுப் பெண். இரைப்பையின் கீழ்வாயில் புற்றுநோய், எது சாப்பிட்டாலும் வாந்தி. அதற்கு முன் 1879-ல் பாரிஸில் பியான் என்பவரும், 1880-ல் ரிடிகர் என்பவரும் முயன்றார்கள். இரண்டு நோயாளிகளும் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். பில்ரோத் கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார். கார்பாலிக் அமிலத்தில் ஊறவைத்த பட்டு நூல், சுமார் 50 தையல். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஏறக்குறைய நாலு மாதம் கழித்து, புற்றுநோய் வேறு இடங்களில் பரவியதால் இறந்தார். தையல் ஆறியிருந்தது. நம் பாடப்புத்தகங்களில் பில்ரோத்தின் பெயர் ஒரு வரி வந்தாலும் வரும், அந்த அம்மாவின் பெயர் வராது. அதனால்தான் இங்கே எழுதிவைத்தேன்.

பட்டு நூல் உறுதியானது, முடிச்சு நன்றாக விழும், கரையாது. கரையாது என்பதைத்தான் அன்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். அதன் மறுபக்கம் கொஞ்ச காலத்திலேயே தெரிய வந்தது. 1897-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஜான் ஹோமன்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். பித்தப்பையில் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தேறிய ஒருவருக்கு 20 மாதம் கழித்து மறுபடி பித்தக்கல். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கல்லின் நடுவிலும் பழைய பட்டுத் தையல்! சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு கட்டுமே, அதே மாதிரி, பித்தத்தில் நூல் கிடந்து அதைச் சுற்றிக் கல் கட்டியிருந்தது. தைத்த இடத்திலிருந்து நூல் உள்பக்கம் வந்துசேர்ந்திருக்கிறது. பின்னாளில் கிளிப்புக்கு நடந்ததெல்லாம் இந்த ஒரு சம்பவத்தில் அடக்கம்.

இரைப்பையிலும் இதே கதைதான். இரைப்பையையும் சிறுகுடலையும் இணைத்துத் தைக்கும் ஆபரேஷன் 1881-லேயே தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உலகெங்கும் பரவியது. உள்வரிசைக்கு ஆட்டுக்குடலில் செய்த, கரையும் கேட்கட் நூல். வெளிவரிசைக்குப் பட்டு அல்லது லினன். சிலருக்குச் சில வருஷம் கழித்து இணைப்பிலேயே புண் வந்தது. திறந்து பார்த்த மருத்துவர்கள், புண்ணின் நடுவில் பழைய லினன் நூல் தொங்குவதைக் கண்டார்கள். வெளிப்பக்கம் போட்ட தையல் உள்பக்கம் எப்படி வந்தது? நூல்தான் புண்ணுக்குக் காரணமா, இல்லை அமிலத்தால் வந்த புண் நூலை வெளிக்காட்டியதா? இந்த வாதம் பல வருஷம் ஓடியது. அமிலம்தான் முதல் குற்றவாளி என்று பின்னால் முடிவானது. ஆனாலும் நூல் முழுக்க விடுதலை ஆகவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க் கதை ஒன்று வருகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரி தெரியும். உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் "நெய்யூருக்குக் கொண்டுபோனோம்" என்றால் பெரிய வியாதி என்று அர்த்தம். அங்கே 1920-களில் வந்து சேர்ந்தவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயக் குழுவில் இருந்தவர். 1922 பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தபோது நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி. இறங்கும் வழியில் மூச்சு அடைத்துவிட்டது. குளிரில் வெந்துபோன தொண்டையின் உட்தோல் உரிந்து காற்றுக்குழாயை அடைத்திருந்தது. பனியில் உட்கார்ந்து சாகத் தயாராகி, கடைசியாக இரண்டு கையாலும் மார்பை அழுத்தி இருமினார். அடைப்பு வெளியே வந்து விழுந்தது, உயிர் பிழைத்தார். நான்கு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் மேலே மறைந்துபோனார்கள். மல்லோரியிடம் இருந்த காமிரா சோமர்வெல் கொடுத்ததுதான்.

அப்படிப்பட்டவர் இங்கே வந்து செய்த வேலை என்ன தெரியுமா? பெரும்பகுதி வயிற்று ஆபரேஷன். தெற்குத் திருவிதாங்கூரில் சிறுகுடல் புண் அவ்வளவு அதிகம். புண் ஆறி ஆறித் தழும்பாகி இரைப்பையின் வாயே அடைத்துப்போய், எலும்பும் தோலுமாக வருவார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்துவிட்டால் ஒரு மாதத்தில் ஆள் அடையாளம் மாறிவிடும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவரும் உடன் இருந்தவர்களும் இதைச் செய்தார்கள். அந்த அனுபவத்தை 1936-ல் ஆர் என்ற மருத்துவரோடு சேர்ந்து பிரிட்டிஷ் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். பின்னாளில் இரைப்பை ஆபரேஷன் பற்றிப் புத்தகமே போட்டார். வேலூர் சிஎம்சியிலும் கற்பித்தார்.

நம் வீடுகளில் "எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு, சின்னச் சின்னதா அடிக்கடி சாப்பிடணும்" என்று சொன்ன பெரியவர்களை ஞாபகப்படுத்திப் பாருங்கள். எழுபதுகள், எண்பதுகள் வரை அந்த ஆபரேஷன் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் சர்வ சாதாரணம். 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்த பிறகு மாத்திரையே போதும் என்றாகிவிட்டது. 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. இரைப்பை ஆபரேஷன் என்றால் இன்று பெரும்பாலும் புற்றுநோய்க்கும் உடல் பருமனுக்கும்தான்.

நூலிலிருந்து உலோகத்துக்கு வருவோம். 1908-ல் புடாபெஸ்ட் நகரில் ஹுமேர் ஹுல்ட்ல் என்ற மருத்துவர், விக்டர் ஃபிஷர் என்ற கருவி செய்பவரோடு சேர்ந்து ஒரு இயந்திரத்தைக் காட்டினார். காகிதத்தில் ஸ்டேப்ளர் பின் அடிப்பது போல இரைப்பையில் மெல்லிய எஃகுக் கம்பி அடிக்கும். எடை மூன்று கிலோவுக்கு மேல். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன் அதைப் பூட்டித் தயார் செய்ய இரண்டு மணி நேரம். இன்னும் கொஞ்சம் விட்டால் ஆபரேஷனைவிட முன்தயாரிப்புக்கு அதிக நேரம்! ஆனால் யோசனை அபாரம். வெட்டுவதற்கு முன்பே வாயை மூடிவிடுவதால் இரைப்பையில் இருக்கும் அழுக்கு வயிற்றுக்குள் கொட்டாது. அந்தக் காலத்தில் நோயாளியைக் கொன்றது பெரும்பாலும் அந்த அழுக்குதான். கம்பி மடங்கும்போது ஆங்கில 'பி' எழுத்து மாதிரி மடங்கும், அதனால் விளிம்புக்குப் போகும் ரத்தம் முழுக்க நின்றுபோகாது. இன்றைய ஸ்டேப்ளரும் அதே மாதிரிதான் மடக்குகிறது. 1920 வாக்கில் அதே ஹங்கேரியில் அலாதர் பெட்ஸ் என்பவர் இலகுவான ஒன்றைச் செய்தார். அதுதான் உலகெங்கும் போனது. அவர் சொந்த ஊர் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

கிளிப்புக்கு வேறு பூர்வீகம். அமெரிக்காவில் மூளை ஆபரேஷன் செய்துகொண்டிருந்த ஹார்வி குஷிங்குக்கு ஒரு கஷ்டம். மூளையின் ஆழத்தில் கையை நுழைத்து முடிச்சுப் போட முடியாது. 1911-ல் வெள்ளிக் கம்பியில் சின்னக் கிளிப் செய்து, ரத்தக்குழாயைக் கவ்வ வைத்து அங்கேயே விட்டார். கை நுழையாத இடத்தில் முடிச்சுக்குப் பதில் கிளிப். இந்த ஒரு காரணம்தான் பிற்காலத்தில் கிளிப்பை வயிற்றுக்குள் கூட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

நடுவில் ஒரு ரஷ்யக் கதை உண்டு, விட மனசில்லை. 1951-ல் மாஸ்கோவில் அறுவைக் கருவிகளுக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கி விதவிதமான ஸ்டேப்ளர் செய்தார்கள். 1958-ல் அமெரிக்க மருத்துவர் மார்க் ராவிச் சோவியத் நாட்டுக்குப் போனார். கீவ் நகரில் அமோசோவ் என்பவர் நுரையீரல் ஆபரேஷனில் அதைப் பயன்படுத்துவதைப் பார்த்து அசந்துபோனார். தனக்கு ஒன்று வேண்டும் என்றால் யாரும் கொடுக்க வழியில்லை. கடைசியில் லெனின்கிராடில் ஒரு மருத்துவக் கருவிக் கடையில் காசு கொடுத்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். இன்று உலகச் சந்தையில் இருக்கும் அமெரிக்க ஸ்டேப்ளர்களுக்கு அந்தக் கடைதான் தொடக்கம். எஃகு போய் டைட்டானியம் வந்தது பிறகுதான். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது, ஸ்கேனையும் அதிகம் கெடுக்காது.

பிறகு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன் வந்தது. 1985 செப்டம்பரில் ஜெர்மனியில் எரிக் மூஹே அப்படி முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். 1991-ல் ஜப்பானில் கிட்டானோ குழுவினர் இரைப்பைப் புற்றுநோய்க்கே லேப்ராஸ்கோப்பியில் ஆபரேஷன் செய்தார்கள். நீளமான கம்பிகளின் நுனியைக் கொண்டு, டிவி திரையைப் பார்த்துக்கொண்டு முடிச்சுப் போடுவது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். குஷிங்கின் பழைய பிரச்சினையேதான்: கை நுழையாது. இரைப்பைக்கு நான்கு பெரிய ரத்தக்குழாய்கள், கூடவே மண்ணீரல் பக்கமிருந்து சில சின்னக் குழாய்கள். புற்றுநோய் என்றால் அவற்றை ஒட்டிய நிணநீர்க் கட்டிகளையும் துப்புரவாக எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிளிப். ஒரே ஆபரேஷனில் ஒரு டஜனுக்கு மேல் போடுவதும் உண்டு. டைட்டானியம் கிளிப் சில சமயம் வழுக்கி விழுகிறது என்று தொண்ணூறுகளின் கடைசியில் பிளாஸ்டிக் மாதிரிப் பாலிமர் கிளிப் வந்தது. அதற்குக் கொக்கி உண்டு. ஒரு தடவை பூட்டினால் திறக்காது. கரையவும் செய்யாது.

சரி, பூட்டினால் திறக்காத கிளிப் எப்படி நகரும்?

அது நடந்து போவதில்லை. சுற்றியிருக்கும் சதைதான் இடம் விடுகிறது. மரத்தில் வேலிக்கம்பி கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து வருஷம் கழித்துக் கம்பி மரத்துக்குள் இருக்கும். கம்பியா நகர்ந்தது? இன்னொன்று, காலில் குத்திய முள். எடுக்காமல் விட்டால் உடம்பு அதைச் சுற்றிச் சீழ் கட்டி, ஒரு நாள் அதுவாகவே வெளியே தள்ளும். கிளிப் விஷயத்தில் இந்த இரண்டும் சேர்ந்து நடக்கிறது. கிளிப் கவ்விய சதைக்கு ரத்தம் நின்று அது சிறிது சிறிதாக அழிகிறது. ஆபரேஷன் ஆன இடத்தில் குடலும் இரைப்பையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கிளிப் நடுவில் மாட்டிக்கொள்கிறது. இரைப்பையோ ஓய்வே இல்லாமல் அசைந்துகொண்டிருக்கும் உறுப்பு. இணைப்பில் சிறு கசிவோ கிருமித் தொற்றோ இருந்திருந்தால் சதை இன்னும் இளகும். கடினமான பொருள் மென்மையான சுவரில் நாள்பட உரசினால் சுவர்தான் தேயும். தேய்ந்து தேய்ந்து, வெளியே இருந்த கிளிப் ஒரு நாள் குடலின் உள்ளே எட்டிப் பார்க்கிறது. அது வந்த வழியை உடம்பு பின்னாலேயே அடைத்துக்கொண்டு வருவதால் பெரும்பாலும் ஓட்டை விழுவதில்லை.

உள்ளே வந்த பிறகு மூன்று வழி. பல பேருக்கு அது உதிர்ந்து மலத்தோடு போய்விடும், போனதே தெரியாது. சிலருக்கு அரைகுறையாகச் சுவரில் குத்திக்கொண்டு நிற்கும். அந்த இடம் புண்ணாகி ரத்தம் கசியும், வலிக்கும். பித்தநாளத்துக்குள் போய்விட்டால் ஹோமன்ஸின் பட்டு நூல் மாதிரிக் கல்லுக்குக் கருவாகும், மஞ்சள்காமாலையும் குளிர்காய்ச்சலும் வரும். புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர்ப்பைக்குள் கிளிப் வந்து கல்லான கதைகளும் மருத்துவ இதழ்களில் உண்டு. பருமனைக் குறைக்க இரைப்பையைச் சுற்றிப் போட்ட வளையமே சுவரைத் தேய்த்துக்கொண்டு இரைப்பைக்குள் வந்துவிடுவதும் தெரிந்த விஷயம்தான்.

எவ்வளவு நாளில் நடக்கும் என்பதுதான் விசித்திரம். பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு கிளிப் நகர்ந்த 69 பேருடைய விவரத்தைத் தொகுத்து 2010-ல் புரூணையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. சரிபாதிப் பேருக்கு 26 மாதத்துக்குள் தொந்தரவு தொடங்கியிருந்தது. மிகக் குறைந்தது 11 நாள், மிக அதிகம் 20 வருஷம். உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்ததே 69 பேர் என்பதைக் கவனியுங்கள். வெளியே எழுதப்படாதது எவ்வளவோ இருக்கும், இருந்தாலும் இது லட்சக்கணக்கில் நடக்கும் ஆபரேஷன். இரைப்பை ஆபரேஷனில் இன்னும் அபூர்வம். ஒரு நோயாளி, இரண்டு நோயாளி என்று தனித்தனியாகத்தான் எழுதுகிறார்கள்.

அந்த 20 வருஷத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஆபரேஷன் செய்த டாக்டர் ஓய்வு பெற்றிருப்பார். ஆஸ்பத்திரி கைமாறியிருக்கும். ஃபைலைக் கரையான் தின்றிருக்கும். கிளிப் மட்டும் அப்படியே இருக்கும்.

எங்கள் பெரியம்மா மகன் அண்ணனுக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். 2017-ல் இரைப்பைப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய நகரத்தில் துளை ஆபரேஷன். நன்றாகத் தேறினார். வயலுக்குப் போனார், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டார். நாலாவது வருஷம் சோர்வு, மலம் தார் மாதிரிக் கருப்பு. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6. எண்டோஸ்கோப்பி செய்தவர், இணைப்பில் வீக்கமும் புண்ணும் இருக்கிறது, சதை எடுத்து அனுப்பியிருக்கிறேன், ரிசல்ட் வரட்டும் என்றார். அப்படி அவர் சொன்னதற்கு வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்ட அர்த்தம் ஒன்றுதான்: திரும்ப வந்துவிட்டது. அந்த ஐந்து நாள் அந்த வீட்டில் சமையல் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணன் யாரிடமும் சொல்லாமல் நிலப் பத்திரங்களை எடுத்து மதினி பெயருக்கு எழுதக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிசல்ட்டில் புற்றுநோய் இல்லை, வெறும் அழற்சி என்று வந்தது. யாரும் நம்பவில்லை. சதையைத் தவறான இடத்தில் எடுத்திருப்பார்கள் என்று இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளம் டாக்டர் புண்ணைத் தண்ணீர் அடித்துக் கழுவி நின்று நிதானித்துப் பார்த்தார். நடுவில் பிளாஸ்டிக் விளிம்பு மாதிரி ஒன்று. கிடுக்கியால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. பூட்டின கொக்கி பூட்டினபடி. ரொட்டிப் பாக்கெட் வாயைக் கவ்வ ஒரு பிளாஸ்டிக் வில்லை வருமே, அதைச் சின்னதாக்கினால் எப்படியோ அப்படி. இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டது. அண்ணன் இப்போது இந்தப் பதிவையும் படிப்பார், லைக் போடமாட்டார்.

பாலிமர் கிளிப் எக்ஸ்ரேயில் தெரியாது. சி.டி. ஸ்கேனிலும் தேடினால்தான் பிடிபடும். உள்ளே அப்படி ஒன்று இருக்கிறது என்று முதல் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் அவரும் தேடியிருப்பார். ஆனால் எங்கள் கையில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டு பக்கம். அதில் மாத்திரைப் பெயர் இருந்தது, பில் எண் இருந்தது, கிளிப் என்ற சொல் இல்லை. ஆபரேஷன் குறிப்பு வேண்டும் என்று கேட்டதற்கு அந்த ஆஸ்பத்திரியில் மூன்று தடவை அலையவிட்டு, பழைய ஃபைல் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கிளிப் நகர்ந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், அது யார் கையிலும் இல்லை. எழுதி வைக்காததும், எழுதியதைக் கொடுக்காததும் வேறு கணக்கு. ஆவணத்தைத் தொலைத்தவர்களைப் பற்றி வரலாற்று டீச்சரிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு காலத்தில் இதைத் திறந்து பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது. வளைகிற எண்டோஸ்கோப்பை 1957-ல் அமெரிக்காவில் செய்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், முதலில் தன் தொண்டையிலேயே விட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் பழைய தையல் நூல்கள் வருஷக்கணக்காக இரைப்பைக்குள் தொங்கிக்கொண்டிருப்பதை மருத்துவர்கள் நேரில் பார்க்கவும், வாய் வழியாகவே எடுக்கவும் முடிந்தது.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. கரையும் நூல் எழுபதுகளிலிருந்தே செயற்கையாக வருகிறது, கரையும் கிளிப்பும் உண்டு. மீயொலிக் கத்தியால் சின்ன ரத்தக்குழாய்களைக் கிளிப்பே இல்லாமல் சுட்டு மூடுகிறார்கள். இணைப்பை ஒட்டிய இடத்தில் பாலிமர் கிளிப்பைக் குறைத்துப் போடுங்கள், அதிகப்படி போடாதீர்கள் என்று இந்தச் சம்பவங்களை எழுதுகிற மருத்துவர்களே சொல்கிறார்கள். வேலை முடியும்வரை பிடித்துவிட்டுப் பிறகு இல்லாமல் போகிற பொருளைத் தேடுகிறார்கள். நம் கருப்பு எறும்பை நினைத்துக்கொண்டேன்.

குழுவில் கேட்டவர்களுக்கு: ஸ்கேனில் கிளிப் தெரிந்தது என்பதாலேயே பயப்பட ஒன்றுமில்லை. தொந்தரவு தராத கிளிப்பை யாரும் எடுக்கமாட்டார்கள், எடுக்கவும் கூடாது. வயிற்று ஆபரேஷன் ஆனவருக்கு எத்தனை வருஷம் கழித்தானாலும் கருப்பு மலம், ரத்த வாந்தி, மஞ்சள்காமாலை, குளிர்காய்ச்சலோடு வயிற்றுவலி என்று வந்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். போனதும் பழைய ஆபரேஷனை நீங்களே எடுத்துச் சொல்லவேண்டும். ரத்தக்கசிவை நிறுத்த எண்டோஸ்கோப்பி வழியாகப் போடும் கிளிப் வேறு வகை. அது தானாக உதிர்வதற்காகவே செய்தது, ஆனால் அதில் சில வகைகள் உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுக்கக்கூடாது. அதனால் எந்த வகை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். அப்பா அம்மாவுடைய பழைய ஆபரேஷன் காகிதங்களைப் பீரோவிலிருந்து எடுத்துப் போனில் படம் பிடியுங்கள். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, எதை எடுத்தார்கள், எதை எதோடு இணைத்தார்கள், கிளிப் உலோகமா பாலிமரா, இவ்வளவு இருந்தால் போதும். ஆபரேஷன் குறிப்பு இல்லாவிட்டால் இப்போதே கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் ஒன்றில்லை. பெரியவருடைய காகிதங்களை நானும் மதினியும் நேற்று ஒழுங்குபடுத்திவிட்டோம். அவருக்குப் போட்டது டைட்டானியம், எண்ணிக்கை உட்பட எழுதியிருக்கிறது. நல்ல டாக்டர்.

சோமர்வெல் பற்றித் தனியாக எழுதச் சொல்லி இரண்டு பேர் இப்போதே கேட்பீர்கள் என்று தெரியும். அவர் நன்றாகப் படமும் வரைவார். நெய்யூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது அவர் கையால் ஆபரேஷன் ஆன தாத்தா பாட்டி கதை இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.